உங்கள் தண்ணீரில் என்ன இருக்கிறது? நானோ ஃபில்டர் பற்றி வாசகர் கேள்விகள்

போன இதழில் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுப்பது எப்படி என்று எழுதியிருந்தேன். பதிலுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நானோவைப் பற்றியே கேட்கின்றன. மாவட்டத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேதியியலராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அந்த மேசையிலிருந்து பார்த்தால் எப்படித் தெரிகிறதோ, அப்படியே பதில் சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்த விற்பனையாளர் எங்கள் போர் தண்ணீரில் ஒரு கருவியை வைத்து மின்சாரம் கொடுத்தார். ஒரு நிமிடத்தில் தண்ணீர் பழுப்பாகக் கலங்கிவிட்டது. அவர் கொண்டுவந்த தண்ணீர் தெளிவாகவே இருந்தது. நானோ ஃபில்டர் வைத்தால் எல்லா அழுக்கும் போய்விடும் என்கிறார். வாங்கலாமா?
*ஓசூர் வாசகி*

அம்மா, அந்தப் பழுப்பு உங்கள் தண்ணீரில் இருந்ததில்லை. அந்தக் கருவியின் கம்பிகளிலிருந்து வந்தது. கம்பிகளில் ஒன்று இரும்பு. உப்பு கரைந்திருக்கும் தண்ணீரில் மின்சாரம் நன்றாகப் பாயும், இரும்பு கரைந்து துருவாக மிதக்கும். அவர் கொண்டுவந்தது ஆர்.ஓ. தண்ணீர். அதில் உப்பு மிகக் குறைவு, மின்சாரம் சரியாகப் பாயாது, அதனால் இரும்பும் கரையாது. அடுத்த முறை வந்தால் அவருடைய தம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுவிட்டுக் கருவியை வைக்கச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும். இந்த வித்தையைக் காட்டிப் பயமுறுத்தி எத்தனையோ வீடுகளில் விற்கிறார்கள். மாதக் கடைசியில் கையைப் பிசையும் குடும்பம் பயந்துபோய்த் தவணையில் வாங்குவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

அவர் பேனா போன்ற டி.டி.எஸ். மீட்டரையும் காட்டியிருப்பார். அது தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று அளந்து, அதிலிருந்து மொத்த உப்பைக் கணக்குப் போட்டுச் சொல்கிறது. அந்த வேலைக்கு அது போதும். ஆனால் ஒரு லிட்டரில் 50 மைக்ரோகிராம் ஆர்சனிக் இருந்தால், அதாவது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவைப்போல் ஐந்து மடங்கு இருந்தால், அந்த மீட்டரில் ஒன்றும் தெரியாது. கிருமியும் தெரியாது, பூச்சிமருந்தும் தெரியாது. மீட்டர் 150 காட்டும் தண்ணீர் ஆளை நோயில் தள்ளலாம். 900 காட்டும் தண்ணீரை வாய்க்குப் பிடிக்காவிட்டாலும் ஒரு ஊரே காலமெல்லாம் குடித்துக்கொண்டிருக்கலாம்.

அப்புறம் நானோ. இந்தப் பெயரில் கடையில் விற்பவை எல்லாம் ஒரே சரக்கில்லை. கிருமியைக் கொல்ல நானோ வெள்ளி. ஆர்சனிக்கைப் பிடிக்க நானோ இரும்பு ஆக்சைடு வகைகள். ஃபுளோரைடுக்கு அலுமினியச் சேர்மங்கள். ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது. எல்லா அழுக்கையும் நீக்கும் நானோ பொருள் என்று ஒன்று கிடையாது. ஆகவே முதலில் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். மாவட்டத் தலைநகரங்களில் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடங்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு தனியார் கிணற்றுத் தண்ணீரையும் சோதித்துக் கொடுக்கின்றன. அறிக்கை கைக்கு வந்த பிறகு எனக்கு எழுதுங்கள். டி.டி.எஸ். 500-க்குள் இருந்து, கிருமி மட்டும்தான் தொல்லை என்றால், கொதிக்க வைத்துக் குடித்தாலே போதும். ஆர்.ஓ. வைத்தால் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டர் சாக்கடைக்குப் போகும். ஓசூரில் கோடையில் லாரித் தண்ணீர் என்ன விலை விற்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

நானோ என்றால் மிகச் சிறியது என்று படித்திருக்கிறேன். சிறியதாக இருந்தால் ஏன் சக்தி அதிகம்?
*புதுக்கோட்டை, பதினொன்றாம் வகுப்பு மாணவர்*

தம்பி, ஒரு மீட்டரில் 100 கோடி நானோமீட்டர். உன் தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர். நானோ துகள் என்று நாங்கள் சொல்வது 1 முதல் 100 நானோமீட்டர் வரை உள்ளவற்றை.

ஒரு சென்டிமீட்டர் கனசதுரமாக ஒரு வெல்லத் துண்டை வைத்துக்கொள். அதன் ஆறு பக்கங்களையும் சேர்த்தால் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே ஒவ்வொரு பக்கமும் ஒரு நானோமீட்டர் இருக்கும் சின்னக் கனசதுரங்களாக நறுக்கிவிட்டதாக எண்ணிக்கொள். வெல்லம் கூடவில்லை, குறையவில்லை. ஆனால் எல்லாத் துண்டுகளின் பரப்பையும் கூட்டினால் 6,000 சதுர மீட்டர், ஏறக்குறைய ஒன்றரை ஏக்கர். கணக்கை நீயே போட்டுப் பார், சரியாக வரும். தண்ணீரிலிருக்கும் நஞ்சு ஒட்டிக்கொள்வது பொருளின் மேற்பரப்பில்தான். ஒரே ஒரு கிராமில் எவ்வளவு மேற்பரப்பு கிடைக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பரப்பு மட்டுமல்ல, குணமும் மாறும். தங்கத்தை அந்த அளவுக்குப் பொடியாக்கித் தண்ணீரில் மிதக்க விட்டால் சிவப்பாகத் தெரியும். மைக்கேல் ஃபாரடே 1857-லேயே அதைச் செய்து காட்டியிருக்கிறார். வெள்ளி மஞ்சளாகத் தெரியும். கட்டியாக இருக்கும்போது எதனோடும் சேராமல் கம்மென்று இருக்கும் அந்த உலோகங்கள், நானோ அளவில் சில பூச்சிமருந்து மூலக்கூறுகளின் குளோரினைப் பிய்த்து எடுக்கின்றன. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் தலப்பில் பிரதீப்பின் குழு இதைக் கண்டு ஆராய்ந்தது. என்டோசல்ஃபான், குளோர்பைரிஃபாஸ், மாலத்தியான் போன்ற மருந்துகளைத் தண்ணீரிலிருந்து நீக்கும் ஃபில்டர் அதிலிருந்து பிறந்து 2007-இல் விற்பனைக்கே வந்துவிட்டது. தண்ணீர்ப் பாட்டில்களிலும் குளிர்பானங்களிலும் பூச்சிமருந்து இருப்பதாக டெல்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 2003-இல் வெளியிட்ட அறிக்கைகள் நாட்டையே உலுக்கியிருந்த காலம் அது.

வேதியியல் எடுத்துப் படிப்பாயானால் எனக்கு இன்னொரு கடிதம் போடு.

ஆர்சனிக்கை நீக்க ஐ.ஐ.டி. மெட்ராஸ் கண்டுபிடித்த நானோ பொருளைப் பற்றிப் படித்தேன். அது எப்படி வேலை செய்கிறது? நமக்குப் பயன்படுமா?
*மயிலாப்பூர் வாசகர்*

இரண்டாவது கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். ஆர்சனிக் பெரும்பாலும் கங்கைச் சமவெளியின் துயரம். மேற்கு வங்கம், பீகார், உத்தரப் பிரதேசம், எல்லைக்கு அப்பால் வங்கதேசம். தமிழ்நாட்டுக் கிணறுகளில் நாங்கள் தினமும் கண்ட எதிரி அது இல்லை. ஆனால் அந்தக் கதையை நம் ஊர் ஆட்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

குளத்துத் தண்ணீரைக் குடித்துக் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் சாகிறார்கள் என்றுதான் அங்கே ஊர் ஊராகக் குழாய்க் கிணறு போட்டார்கள். கிருமி இல்லாத தெளிவான தண்ணீர் வந்தது. பல ஆண்டுகள் கழித்து உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தோல் தடித்து, உடம்பில் கரும்புள்ளிகள் தோன்றி ஆட்கள் மருத்துவமனைக்கு வர ஆரம்பித்தார்கள். கல்கத்தாவின் வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியில் தோல் மருத்துவர் கே.சி. சாஹா 1983-இல் அதை ஆர்சனிக் நோய் என்று அடையாளம் கண்டார். யாரும் கொட்டிய நஞ்சில்லை அது. இமயமலையிலிருந்து ஆறுகள் கொண்டுவந்த மண்ணில், துகள்களின் மேலே படிந்த இரும்புத் துருவில் ஒட்டியிருந்தது. பூமிக்குள் காற்றில்லாத சேற்றில் பாக்டீரியாக்கள் அந்தத் துருவைக் கரைத்தபோது ஆர்சனிக்கும் கூடவே தண்ணீரில் இறங்கிவிட்டது.

இதைப் புரிந்துகொண்டால் மருந்தும் புரிந்துவிடும். ஆர்சனிக்குக்கு இரும்பு ஆக்சைடின் மேல் அப்படியொரு பிடிப்பு. ஆகவே புதிதாக இரும்பு ஆக்சைடைச் செய்து கொடுத்தால் மீண்டும் ஒட்டிக்கொள்ளும். இதை நானோ இல்லாமலும் செய்திருக்கிறார்கள். வங்கதேசத்தில் பிறந்த அபுல் ஹுசாம் மணல், கரி, பதப்படுத்திய இரும்புத் துருவல் வைத்துச் செய்த சோனோ வாளி ஃபில்டருக்கு 2007-இல் பத்து லட்சம் டாலர் கிரேஞ்சர் பரிசு கிடைத்தது. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் 2006-இல் விக்கி கால்வின் குழு வேறு வழியைக் காட்டியது. 12 நானோமீட்டர் காந்த இரும்பு ஆக்சைடுத் துகள்களைத் தண்ணீரில் கலந்து ஆர்சனிக்கை ஏற்றிக்கொண்டபின், சாதாரணக் காந்தத்தாலேயே துகள்களை இழுத்து எடுத்தார்கள்.

நானோ துகளில் பெரிய தலைவலியே இதுதான். மாவாகத் தண்ணீரில் போட்டால் திரும்ப எடுப்பது கஷ்டம். மாவையே குழாயில் அடைத்தால் தண்ணீர் இறங்காது. பிரதீப்பின் சென்னைக் குழு இதைத் தீர்த்த விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் என்ற பொருளோடு சேர்த்து, சாதாரண வெப்பநிலையில் தண்ணீரிலேயே இரும்பு, அலுமினியம் போன்ற உலோகச் சேர்மங்களை உருவாக்கினார்கள். காய்ந்தால் மணல்போல் குருணையாக வருகிறது. உள்ளே நானோ துகள், வெளியே குருணை. தண்ணீர் தன் கனத்திலேயே இறங்கும், மின்சாரம் வேண்டாம். கிருமிக்காகச் சேர்த்த நானோ வெள்ளியும் அந்தக் கூட்டுக்குள்ளேயே இருந்து, லிட்டருக்குச் சுமார் 40 மைக்ரோகிராம் வெள்ளியை மட்டும் மெல்ல விட்டுக்கொடுக்கும். 2013-இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வெளிவந்த அவர்கள் கட்டுரை, இப்படி ஒரு குடும்பத்துக்கு ஆண்டு முழுக்கக் குடிநீர் கொடுக்க இரண்டரை டாலர்தான் ஆகும் என்று கணக்குச் சொன்னது. ஆர்சனிக்குக்கான இரும்பு வகைக்கு ‘அம்ரித்’ என்று பெயர். நகராட்சிகளில் பைப் போடும் மத்திய அரசின் ‘அம்ருத்’ திட்டம் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம். மேற்கு வங்கத்தில் தொடங்கி வட மாநிலக் கிராமங்களில் அம்ரித் நிலையங்கள் ஓடுகின்றன. பிரதீப்புக்கு 2020-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

நமக்குப் பயன்படுமா என்றால், அந்த வேலைமுறை பயன்படும். விலை குறைவு, மின்சாரம் வேண்டாம், உள்ளூரில் கிடைக்கும் பொருள். ஃபுளோரைடுக்கும் இப்படி ஒன்று ஊர் ஊராகக் கிடைக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. அதைப் பற்றிக் கீழே ஒரு கடிதம் இருக்கிறது.

எங்கள் கிணறு தோல் பதனிடும் ஷாப்புகளுக்குப் பக்கத்தில். தண்ணீர் உப்பு. குரோமியமும் இருக்கும் என்கிறார்கள். நானோ இரும்பைக் கிணற்றில் போட்டால் சுத்தமாகும் என்று படித்தேன். உண்மையா?
*வாணியம்பாடி வாசகர்*

உங்கள் கடிதத்தில் இரண்டு பிரச்சினைகள் சேர்ந்திருக்கின்றன. உப்பு வேறு, குரோமியம் வேறு.

முதலில் உப்பு. தோல் கெடாமல் இருக்கப் போடும் கல்லுப்பைக் கழுவி விடுகிறார்கள், அது மண்ணில் இறங்கிக் கிணற்றுக்கு வருகிறது. கரைந்த உப்பை நானோ இரும்போ நானோ வெள்ளியோ தொடவே தொடாது. அதற்கு ஆர்.ஓ. போன்ற சவ்வுதான் வேண்டும். அந்தச் சவ்வும் நானோ வேலைதான் என்பது பலருக்குத் தெரியாது. அதன் இடைவெளி ஒரு நானோமீட்டருக்கும் கீழே. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப், ஸ்ரீனிவாச சௌரிராஜன் என்ற இருவர் 1960-ஐ ஒட்டிச் செய்த சவ்வுதான் இன்று வீட்டுக்கு வீடு இருக்கும் ஆர்.ஓ.வின் மூத்த பாட்டி.

குரோமியத்திலும் இரண்டு வகை. தோல் பதனிடப் போடும் குரோம் சல்பேட்டில் இருப்பது மூன்று இணைதிறன் குரோமியம். நஞ்சு குறைவு, சீக்கிரம் படிந்துவிடும். ஆறு இணைதிறன் குரோமியம்தான் கொடியது, புற்றுநோய் உண்டாக்கக்கூடியது, தண்ணீரோடு எங்கும் ஓடும். அளவு மிஞ்சினால் தண்ணீரே மஞ்சளாகும். ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவு மலையிலிருந்து கசிவது அதுதான். உங்கள் தண்ணீரில் இருப்பது எந்த வகை என்று ஆய்வுக்கூடத்தில் கேளுங்கள். டைஃபீனைல்கார்பசைடு என்ற மருந்தைச் சேர்த்தால், ஆறு இணைதிறன் குரோமியம் இருக்கும் தண்ணீர் ஊதாவாக மாறும். ஊதா ஏறி நிற்கும் குழாயைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு வயிற்றைப் பிசையும். அந்தத் தண்ணீரில் சோறு பொங்கியவர்கள்தான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள்.

நானோ இரும்பு இந்த வகையைத்தான் அடக்கும். இன்னும் துருவாகாத இரும்பு எலக்ட்ரானைக் கொடுக்கும், ஆறு இணைதிறன் மூன்றாகி இரும்போடு சேர்ந்து படிந்துவிடும். லீஹை பல்கலைக்கழகத்தின் வெய்-சியன் ஜாங் இதை வளர்த்தெடுத்தவர். நியூ ஜெர்சியின் டிரென்டன் நகரில் ஒரு தொழிற்சாலைக்குக் கீழே நிலத்தடி நீரில் குளோரின் கலந்த கரைப்பான்களை அழிக்க இந்த இரும்பைச் செலுத்திப் பார்த்த சோதனையை 2001-இல் வெளியிட்டார்கள். ஆனால் அது ஆய்வாளர்கள் ஆழ்துளை போட்டு, நிலத்தடி நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துச் செய்யும் வேலை. அந்த இரும்புத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும், மண்ணில் அதிக தூரம் போகாது, காற்றுப் பட்டால் துருவாகிவிடும். வாங்கி வந்து வீட்டுக் கிணற்றில் கொட்டும் காரியம் இல்லை. தயவுசெய்து செய்யாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம், மாசு செய்தவர்தான் செலவை ஏற்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. உங்கள் கிணற்றைச் சுத்தம் செய்வது உங்கள் கைக்காசில் நடக்க வேண்டிய வேலையில்லை. ஆய்வு அறிக்கையைப் பத்திரமாக வையுங்கள். தேதி போட்ட அறிக்கை நாளைக்கு உங்களுக்குச் சாட்சி.

சாயக் கழிவைச் சூரிய ஒளியில் நானோ தூள் போட்டு வெளுக்க வைக்கலாம் என்று கல்லூரிக் கண்காட்சியில் காட்டினார்கள். திருப்பூருக்கு இது விடிவா?
*பல்லடம் வாசகி*

டைட்டானியம் டையாக்சைடைக் காட்டியிருப்பார்கள். அது ஒளியை வாங்கித் தண்ணீரைப் பிளக்கும் என்று ஜப்பானின் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972-இல் வெளியிட்டார்கள். புற ஊதா ஒளி பட்டால் சாய மூலக்கூறை உடைக்கும், நிறம் போகும். உண்மைதான். வெயிலில் அந்த ஒளி நூற்றில் நாலைந்து பங்குதான். அடர் நிறக் கழிவில் அதுவும் உள்ளே இறங்காது.

அதைவிட முக்கியம், சாயம் ஏற்ற ஏராளமாக உப்புப் போடுகிறார்கள். நிறம் போனாலும் உப்பு அப்படியே நிற்கும். நொய்யலின் ஒரத்துப்பாளையம் அணையை 1992-இல் பாசனத்துக்காகக் கட்டினார்கள், கழிவுத் தேக்கமாகிக் கீழே இருந்த தோட்டங்களைக் கெடுத்தது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னபோது கேட்டது கழிவு ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது என்பதைத்தான். அதற்கு ஆர்.ஓ.வும், மிச்சத்தைக் கொதிக்க வைத்து உப்பாகப் பிரிக்கும் ஆவியாக்கிகளும் வேண்டும். நானோ தூள் இதற்கு நடுவில் ஒரு படியாக உதவலாம். கண்காட்சியில் தெளிந்த தம்ளரைப் பார்த்து ஏமாற வேண்டாம். சில சாயங்கள் பாதி உடைந்தால் வரும் அமீன்கள் என்ற நைட்ரஜன் சேர்மங்கள், முழுச் சாயத்தைவிட மோசமானவை. அந்தப் பிள்ளைகளிடம் நிறத்தோடு உப்பையும் அமீனையும் அளந்தீர்களா என்று கேளுங்கள். நல்ல கேள்வி கேட்டால் நல்ல ஆராய்ச்சி நடக்கும்.

என் பேத்திக்குப் பல்லில் பழுப்புக் கறை. ஃபுளோரைடு என்றார் பல் மருத்துவர். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொடுக்கிறேன். நானோ ஃபில்டர் போடலாமா?
*பென்னாகரம் அருகே ஒரு கிராமம், வாசகி*

அம்மா, ஃபுளோரைடுக்காகக் கொதிக்க வைப்பதை இன்றைக்கே நிறுத்துங்கள். தண்ணீர் ஆவியாகும், ஃபுளோரைடு போகாது. சுண்டச் சுண்ட அதன் அளவு கூடும்.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பாறையே ஃபுளோரைடு உள்ள பாறை. ஆழமாகப் போர் போடப் போட, தண்ணீர் பாறையோடு நெடுங்காலம் கிடந்து அதை வாங்கிக்கொள்கிறது. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. கிராமத்துக்குக் கொண்டு போகும் சோதனைப் பெட்டியில் ஒரு மருந்து விட்டால் இளஞ்சிவப்பாக நிற்கும், ஃபுளோரைடு கூடக் கூட மஞ்சளுக்கு இறங்கும். பள்ளிக்கூடத் திண்ணையில் அந்தப் பெட்டியைத் திறந்தால் பிள்ளைகள் சுற்றி நின்று பார்ப்பார்கள். குழாயில் மஞ்சள் வந்ததும் நிமிர்ந்து பார்த்தால், சிரிக்கும் அந்தப் பற்களிலேயே பதில் எழுதியிருக்கும்.

ஃபுளோரைடை எடுக்க நம் நாட்டிலேயே பழைய வழி உண்டு. நாக்பூரின் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய நல்கொண்டா முறை. படிகாரமும் சுண்ணாம்பும் போட்டுக் கலக்கித் தெளிய வைப்பது. இன்னொன்று, அலுமினா குருணை நிரப்பிய தொட்டியைக் கைப்பம்போடு இணைப்பது. அலுமினா நன்றாகப் பிடிக்கும், நிரம்பியதும் காஸ்டிக் சோடாவால் கழுவிப் புதுப்பிக்க வேண்டும். நான் பார்த்த கிராமங்களில் தொட்டியை வைத்துப் படம் எடுத்துக்கொண்டு போனவர்கள், புதுப்பிக்கும் நாளில் வரவில்லை. ஃபுளோரைடு நிரம்பிய அலுமினா வழியாகவே தண்ணீர் வந்துகொண்டிருந்தது. ஃபில்டர் தண்ணீர் என்ற நம்பிக்கையில் ஊரார் அதையே பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். அதை நினைத்தால் இன்னும் மனது ஆறவில்லை.

நானோ அலுமினியச் சேர்மங்கள் ஒரு கிராமுக்கு அதிக ஃபுளோரைடைப் பிடிக்கும், அதனால் குடுவை அதிக நாள் தாங்கும். அது பெரிய உதவிதான். ஆனால் அதுவும் ஒருநாள் நிரம்பும். நிரம்பியதைத் தண்ணீரின் சுவை சொல்லாது, நிறம் சொல்லாது. வாங்குவதாக இருந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியே வரும் தண்ணீரைச் சோதிக்க வழி வைத்துக்கொண்டு வாங்குங்கள்.

அதைவிட நல்ல வழி உங்கள் ஊருக்கே வந்திருக்க வேண்டும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இந்தத் தொல்லைக்காகவே ஜப்பான் கடனுதவியில் கட்டப்பட்டு 2013-இல் தொடங்கியது. காவிரித் தண்ணீரில் ஃபுளோரைடு குறைவு. அந்தத் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வந்தாலும், குடிக்கவும் சமைக்கவும் மட்டும் அதைத் தனியாகப் பிடித்து வையுங்கள். போர் தண்ணீரைக் குளிக்க, துணி துவைக்க வைத்துக்கொள்ளுங்கள். தோல் வழியாக ஃபுளோரைடு ஏறாது. பேத்திக்குப் பாலும் கேழ்வரகும் நிறையக் கொடுங்கள். கால்சியம் குறைந்த பிள்ளைகளுக்குத்தான் பாதிப்பு அதிகம். வந்த கறை போகாது, அவளிடம் அதை நயமாகச் சொல்லுங்கள். எட்டு வயதுக்குள் நல்ல தண்ணீருக்கு மாறினால், இன்னும் முளைக்காத பற்களுக்கு நல்லது.

குடத்தில் வெள்ளிக் காசு போட்டால் நானோ வெள்ளி ஃபில்டரின் பலன் கிடைக்குமா?
*காரைக்குடி வாசகர்*

கிடைக்காது. காசின் பரப்பு மிகக் குறைவு. செப்புக் குடத்தில் இரவு முழுக்க வைத்தால் கிருமி குறைவது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது, அதைச் செய்யலாம். நானோ வெள்ளியும்கூடக் கலங்கல் தண்ணீரில் தடுமாறும். கலங்கல் இருந்தால் முதலில் தேற்றாங்கொட்டையை இழைத்துவிட்டுத் தெளிய வையுங்கள். உமிச் சாம்பலில் நானோ வெள்ளி ஏற்றிய டாடா ஸ்வச் 2009 டிசம்பரில் 749 ரூபாய்க்கும் 999 ரூபாய்க்கும் வந்தது. மின்சாரம் இல்லாத வீட்டுக்கு நல்ல யோசனை. கிருமிக்கு மட்டும், உப்புக்கு இல்லை.

நானோ துகள்கள் தண்ணீரோடு உடம்புக்குள் போய்விடாதா? பழைய கேட்ரிட்ஜைக் குப்பையில் போடலாமா?
*தஞ்சாவூர் வாசகி*

இவ்வளவு கடிதங்களில் இந்தக் கேள்வியைக் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான். இரண்டும் சரியான பயம்.

துகள் வெளியே வரக் கூடாது என்பதற்காகவே குருணைக்குள்ளும் கரியின் மேலும் அதைக் கட்டிப் போடுகிறார்கள். வெள்ளி அயனியாகக் கொஞ்சம் வரும். லிட்டருக்கு 100 மைக்ரோகிராமுக்குள் இருந்தால் வாழ்நாள் முழுக்கக் குடித்தாலும் பயமில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. அளவு மிஞ்சி நீண்டகாலம் போனால் தோல் நீலச் சாம்பலாகும் நோய் உண்டு. நாட்டு மருந்தென்று கூழ்ம வெள்ளியைப் பாட்டிலில் விற்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். கார்பன் நானோ குழாய்களைப் பற்றி எனக்கே தயக்கம் உண்டு. நீளமான சில வகைகள் எலிகளின் வயிற்று உறையில் கல்நார் செய்வதைப் போன்ற பாதிப்பைக் காட்டின என்று 2008-இல் ஓர் ஆய்வு வந்தது. குடிநீரில் அது தளர்ந்து வராது என்று சோதித்துக் காட்டும்வரை என் வீட்டுக்குள் விடமாட்டேன்.

கேட்ரிட்ஜ் விஷயம் இன்னும் முக்கியம். கிருமிக்கு மட்டுமான வெள்ளிக் கரி என்றால் பெரிய ஆபத்தில்லை, என்றாலும் வாய்க்காலில் வீசாதீர்கள். வெள்ளி மீனுக்கும் ஆகாது, மண்ணின் நல்ல பாக்டீரியாவுக்கும் ஆகாது. ஆர்சனிக்கோ குரோமியமோ பிடித்த குருணை என்றால், அதுவே செறிவான நஞ்சு. அதைக் குளக்கரையில் கொட்டினால் காற்றில்லாத சேற்றில் இரும்பு மறுபடி கரையும், ஆர்சனிக் மறுபடி தண்ணீருக்கு வரும். வங்காளத்தில் பூமிக்கடியில் நடந்தது உங்கள் ஊர்க் குளத்தில் நடக்கும்.

ஆகவே வாங்கும்போதே விற்பவரிடம் மூன்று விஷயங்களை எழுதி வாங்குங்கள். எந்த நஞ்சை எந்த அளவிலிருந்து எந்த அளவுக்குக் குறைக்கும், எத்தனை லிட்டர் வரை, தீர்ந்த குருணையை அவரே திரும்ப எடுத்துக்கொள்வாரா. எழுதித் தர மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள். ஏற்கெனவே வாங்கிய கேட்ரிட்ஜை பாலித்தீன் பையில் கட்டி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் உலர்ந்த இடத்தில் வைத்திருந்து, கம்பெனி ஆள் சர்வீசுக்கு வரும்போது கையில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.